கொக்குக்கு மஞ்சள் ஊற்றியவன்

மாசி முடியும் நேரத்தில் பாகூர் ஏரியில் இருக்கும் வாத்துகள், பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் குடும்பத்தைப் போல நடந்துகொள்ளும். வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். திடீரென்று ஒரு கூட்டம் நீலச்சிறகு வாத்துகள் ஒன்றாக எழும்பும், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றும், எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரி புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கும். மழைக்காலத்தில் வந்தபோது ஆணும் பெண்ணும் ஒரே மண் நிறம். இப்போது ஆண்களுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை பளிச்சென்று விழுந்திருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் சலூனுக்குப் போய் வந்த தோரணை.

இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாகூர் கடைத்தெருவில் எங்களுக்கு மோட்டார் சாமான் கடை இருக்கிறது. அத்தா பஷீர் அகமது கல்லாவில் இருப்பார், நான் மற்ற எல்லா இடத்திலும் இருப்பேன், விடிகாலையில் மட்டும் பைனாகுலரோடு ஏரிக்கரையில். இருட்டினால் தானாக எரிந்து, விடிந்தால் தானாக அணையும் தெருவிளக்குக்கு ஒரு சின்ன சென்சார் விற்கிறோம். அதே மாதிரி ஒன்று வாத்தின் மண்டைக்குள் இருக்கிறது. பறவையின் மண்டை ஓடு மெல்லியது. வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, ஓட்டின் வழியாகவும் உள்ளே கசிகிறது. மூளையின் அடியில் அதை அளக்கிற செல்கள் இருக்கின்றன. பகல் நீள நீள அவை உடம்புக்கு மூன்று உத்தரவு போடும்: தின்னு, அலங்காரம் பண்ணிக்கொள், கிளம்பு. வாத்துக்கு இதில் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடுகிற மாதிரி அதுவும் ஓடும்.

நான் இதைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் மெதுவாகப் பின்னால் நகர்வது எனக்குத் தெரியும். “சமீனாவுக்குக் கல்யாணம் ஆகாததுக்குக் காரணம் அந்தப் பைனாகுலர் இல்ல, வாய்” என்று அம்மா சொல்வார். இருக்கட்டும். ஓர் ஆண்டு அருள்முருகனுக்குக் கிடைக்கவிருந்த வேலையே போகப் பார்த்தது இந்த இரண்டாவது உத்தரவால்தான். அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏரிக்கரையின் தென்கோடியில் ஏரிமேடு என்ற சிற்றூர். அருள்முருகன் அந்த ஊர்க்காரன். இருபத்தைந்து வயது, நெல் அறுக்கும் வண்டியில் டிரைவர். ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுத்தபோது மைதானத்தில் ஓடி முதல் ஆளாக வந்திருந்தான், எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தான். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: போலீஸ் வெரிஃபிகேஷன். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, பையன் மேல் கேஸ் கீஸ் இல்லை என்று எழுதி அனுப்பினால் சீருடை. கேஸ் இருந்தால் ஆயுசுக்கும் அறுப்பு வண்டி. அவனுடைய அம்மா அம்சவள்ளி, சீருடை மாட்டுவதற்கென்று சுவரில் ஆணியே அடித்து வைத்திருந்தார்.

அந்த ஊரின் அங்காளம்மன் கோயில் திருவிழா மஞ்சள் நீராட்டோடு முடியும். முறைப்படி மாமன் மச்சான்கள்தான் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஏரிமேட்டில் உலகமே மாமன் மச்சான். அந்த ஆண்டு அருள்முருகனும் கூட்டாளிகளும் வழியோடு போன டவுன் பஸ்ஸின் கண்டக்டர், பால் வண்டி, இரண்டு நாய், விவசாயி பக்கிரியின், அவர்கள் பக்கமே திரும்பாத எருமை என்று ஒன்றையும் விடவில்லை. எருமை மேல் மஞ்சள் தெரியவே இல்லை என்பது அவனுக்கு வருத்தம்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை நான் பறவை பார்த்துவிட்டு ஏரிமேட்டு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். எதிரே பக்கிரியின் வயலில் உண்ணிக்கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாட்டின் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்குமே, அந்தச் சின்ன வெள்ளைக் கொக்கு. அவற்றில் ஏழெட்டுக்கு உச்சந்தலை மஞ்சளாக இருந்தது. மஞ்சள் என்றால் லேசாக இல்லை. தலையில் கிண்ணத்தோடு கவிழ்த்த மாதிரி.

எனக்கு மகிழ்ச்சி. இரண்டாவது உத்தரவு வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், டீக்கடை பெஞ்சில் இருந்த பக்கிரி திறந்துவிட்டார்.

“டேய் அருளு, இன்னாடா இது? கொக்கையும் வுடலியா நீ?”

எல்லாரும் சிரித்தார்கள். அருள்முருகன் டீயோடு திரும்பி வயலைப் பார்த்தான். பார்த்தவன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம்.

“ஆமா மாமா,” என்றான். “நாந்தான்.”

“சும்மா இரு,” என்றேன். “அது இனப்பெருக்கக் காலத்து இறகு. ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துல முளைக்கும். இறகுங்கிறது நகம் மாதிரி, வளர்ந்து முடிஞ்சா உயிர் கிடையாது. வெள்ளை இறகு மஞ்சளா மாறாது. உள்ளேயிருந்து புதுசா மஞ்சள் இறகு வரும், அதுவும் தலை, கழுத்துக்குக் கீழ, முதுகு நடுவுல மட்டும்…”

“சமீனா,” என்றார் பக்கிரி அன்பாக. “நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அவன் சொல்றது நல்லாகீது.”

அதோடு உண்மையின் கதை முடிந்தது.

அன்று சாயங்காலமே அருள்முருகன் ஸ்டேட்டஸில் வீடியோ போட்டான். பின்னால் மஞ்சள் தலைக் கொக்குகள். முன்னால் அவன், கையில் வாளி. “ஏரிமேட்டுப் பசங்க கைய வெச்சா கொக்குக்கும் கல்யாணக் களை வரும்டா!” அதைப் பார்த்த பாதிப் பேர் அவனை நம்பவில்லை. ஆனால் கொக்குகள் அவனுக்கு ஒத்துழைத்தன. பகல் நீண்டுகொண்டே போனதால் தினமும் புதிதாகச் சிலவற்றுக்கு மஞ்சள் முளைத்தது. “இருபது கொக்கு” என்று ஆரம்பித்தவன், வயலில் ஐம்பது தெரிந்ததும், “அது செகண்டு ரவுண்டு” என்றான். வில்லியனூர்ப் பக்கம் ஊசுடு ஏரியிலும் கொக்குகள் மஞ்சளாகிவிட்டன என்று யாரோ சொன்னபோது, பைக்கில் வாளியைக் கட்டிக்கொண்டு போய் வந்த கதை தயாராக இருந்தது. மண்ணாடிப்பட்டிலிருந்தும் செய்தி வந்தது. “பெட்ரோலு இன்னா விலை விக்குது தெரியுமா?” என்று சலித்துக்கொண்டான்.

கூட்டாளிகள் ஊர் முனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கூலிங்கிளாஸ் போட்ட அருள்முருகன் வானத்தை நோக்கிக் கை நீட்டியிருக்க, அவன் விரலில் ஒரு கொக்கு. ஃபிளெக்ஸ் கடைக்காரனிடம் உண்ணிக்கொக்குப் படம் இல்லாததால் ஒரு பூநாரையை வெள்ளையடித்துப் போட்டிருந்தான். பூநாரையின் வளைந்த அலகு அப்படியே இருந்தது. நான் அதன் அடியில் நின்று பத்து நிமிடம் அலகுகளைப் பற்றி விளக்கினேன். ஒரு நாய் கேட்டது.

இதுவரை எல்லாம் விளையாட்டு. அரியாங்குப்பத்திலிருந்து புகழ்வேந்தன் வந்த பிறகுதான் வினையானது.

புகழ்வேந்தன் சமூக ஆர்வலர். அது அவர் பைக்கின் முன்னாலேயே எழுதியிருக்கும். ‘புதுவை கழுகுப் பார்வை’ என்று ஒரு யூடியூப் சேனல் வைத்திருந்தார். குப்பை, குழி, அடைத்த வாய்க்கால் என்று எதையாவது காட்டிக் கோபப்படுவார். ஏரிமேட்டு வயலைப் படம் பிடித்து, நடுநடுவே அருள்முருகனின் வீடியோவை ஒட்டி, சோக இசையோடு போட்டார். தலைப்பு: ‘வாயில்லா ஜீவனுக்கு மஞ்சள் வன்கொடுமை’. போட்டதோடு நிற்காமல், வனவிலங்குச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை வேண்டும் என்று ஸ்டேஷனில் மனுவும் கொடுத்துவிட்டார்.

அதே வாரம் வெரிஃபிகேஷனுக்காக ஏட்டம்மா செல்வகுமாரி ஏரிமேட்டுக்கு வந்தார். ஐம்பதை நெருங்கியவர், எதற்கும் அவசரப்படாதவர். அம்சவள்ளி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, போனில் வீடியோவைக் காட்டினார்.

“இது உன் மவனா?”

“ஆமாம்மா,” என்றார் அம்சவள்ளி பெருமையாக. பிறகு ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்து, “ஜாடை அப்படி,” என்றார்.

“இந்த மனு பைசல் ஆவாம நான் இன்னான்னு எழுதறது? கேஸ் இல்லன்னு எழுதினா நாளைக்கு என் தலை உருளும். வெள்ளிக்கிழமை காலைல வயலாண்ட வரேன். மனு குடுத்தவரும் வருவாரு. செஞ்சியா, செய்யலியான்னு அங்க பாத்துக்கலாம்.”

அருள்முருகன் அன்று மதியமே கடைக்கு ஓடி வந்தான். ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“சமீனாக்கா, நீதான் காப்பாத்தணும். நான் எந்தக் கொக்கையும் தொடலக்கா.”

“எனக்குத் தெரியும்டா. உனக்கே இப்பத்தான் தெரியுது.”

“ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்க்கா. நான் செய்யலடான்னு சொன்னா, அடக்கமா பேசறான் பாருன்றான். என் ஃபிரண்டு ஒருத்தன், வாளி புடிச்சது நான்னு அவன் வூட்லயே சொல்லிக்கினு திரியறான். நான் ஊத்தவே இல்லன்னா அவன் எந்த வாளிய புடிச்சான்?”

கேட்பதற்கு ஓர் ஆள் உட்கார்ந்தே கிடைத்ததில் நான் கொஞ்சம் நிலைதடுமாறிவிட்டேன். இறகு முளைக்கும் விதத்தை முதலிலிருந்து சொன்னேன். கொக்கு எவ்வளவு உஷார் என்று சொன்னேன். எல்லாப் பறவைக்கும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் உண்டு. ஆள் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும்வரை அது மேயும், உள்ளே கால் வைத்தால் எழும்பும். நடந்து வருகிறவனுக்கு ஒரு வட்டம், ஓடி வருகிறவனுக்கு அதைவிடப் பெரிய வட்டம். வாளியோடு ஒருவன் ஓடிவந்தால் கொக்கு அவன் கிளம்பும்போதே போய்விடும்.

“மாடு மட்டும் விதிவிலக்கு,” என்றேன். “காலங்காலமா மாட்டுக்குப் பின்னால நடந்த பறவை அது. மாடு நடந்தா புல்லுலேர்ந்து பூச்சி கிளம்பும், அதுக்குச் சாப்பாடு. டிராக்டரையும் அது மாட்டுக் கணக்குலதான் வெச்சிருக்கு. சத்தம் போடுற எருமை. சக்கரத்துக்கு ஒட்டியே நடக்கும்.”

“அது பயமே படாதா?” என்றான் அருள்முருகன்.

“கொஞ்சம்கூடப் படாது.”

“ம்,” என்றான். நான் பாடத்தைக் கவனிக்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏரிமேட்டில் யாரும் வேலைக்குப் போகவில்லை. அடுத்த நடவுக்காகப் பக்கிரியின் ஆள் டிராக்டரில் ரொட்டவேட்டரைப் பூட்டிச் சேறடித்துக்கொண்டிருந்தான். அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கூட்டம், பாதிக்கு மேல் மஞ்சள் தலை. தள்ளி, ஏரி ஓரத்தில் பவளக்காலிகள் சிவப்புக் குச்சிக் கால்களால் தண்ணீரை அளந்துகொண்டிருந்தன. வாத்துகள் முக்கால்வாசி போய்விட்டிருந்தன. வரப்பில் ஒரு மடையான், குருட்டுக்கொக்கு என்பார்களே அது, நின்றது. குளிர்காலம் முழுக்கச் சேற்று நிறத்தில் இருந்த அதன் முதுகு இப்போது கத்தரிக்காய் நிறம். அதை யாரும் சாயம் என்று சொல்லவில்லை. மடையானுக்கு அந்த அளவுக்கு ஊரில் மரியாதை இல்லை.

ஏட்டம்மா வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புகழ்வேந்தன் போனை ஒரு குச்சியில் மாட்டி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். “லைவ்ல இருக்கோம் மக்களே.”

“ஏம்பா அருளு,” என்றார் ஏட்டம்மா. “செஞ்சியா?”

“இல்ல மேடம். பொய் சொன்னேன் மேடம்.”

கூட்டத்திலிருந்து ஒரே கூச்சல்.

“அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு மேடம்! செஞ்சாரு!”

“நான் வாளி புடிச்சேன் மேடம்!”

“மஞ்சள் கலக்கினதே எங்க வூட்டு அண்டாவுல மேடம்!”

“சும்மா இருங்கடா,” என்று கையெடுத்துக் கும்பிட்டான் அருள்முருகன். “உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

“பாத்தீங்களா மேடம், எங்களக் காட்டிக் குடுக்காம பழிய அவரே ஏத்துக்கிறாரு!”

ஏற்றுக்கொள்ளவில்லை, மறுக்கிறான் என்பதை அந்தக் கூட்டத்துக்கு யாரும் புரியவைத்திருக்க முடியாது. ஏட்டம்மா என் பக்கம் திரும்பினார். “நீ பாய் கடைப் பொண்ணுதானே? பறவை விவகாரமெல்லாம் தெரியுமாமே. சொல்லு.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “பறவையோட மண்டை ஓடு ரொம்ப மெல்லிசு மேடம்…”

“மேடம், ஒரு நிமிஷம்,” என்று புகழ்வேந்தன் குறுக்கே வந்தார். “இவங்க மண்டை ஓட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. ஜனங்க லைவ்வ விட்டு ஓடிக்கினே இருக்காங்க. நான் நேரா கேக்கறேன். தம்பி, நீ அன்னிக்கு எப்படி ஊத்தினேன்னு இங்க நடிச்சுக் காட்டு. போலீஸ்ல குற்றவாளிய இட்டுனு வந்து நடிக்க வைப்பாங்க இல்ல, அந்த மாதிரி. செஞ்சவனுக்குத்தான் செய்யத் தெரியும். செய்யலன்னா முடியாது. அவ்வளவுதான்.”

இதில் அவர் தன்னை அறியாமல் ஒரு நல்ல சோதனையைச் சொல்லிவிட்டார். முடியாவிட்டால் பையன் நிரபராதி. என் கணக்குப்படி முடியவே முடியாது. நான் அருள்முருகனைப் பார்த்துத் தலையாட்டினேன். அவன் செய்ய வேண்டியதெல்லாம் தோற்பது மட்டும்தான்.

ஏட்டம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “இது உங்க யோசனை. நான் ஒண்ணும் சொல்லல. தெரியுதா?” என்று புகழ்வேந்தனிடம் சொல்லிவிட்டு, போனைப் பார்த்தார். “அது லைவ்ல போவுதில்ல? சரி.”

அம்சவள்ளி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தார். “ஒழுங்கா தப்பா ஊத்துடா,” என்றார் காதோரமாக.

அருள்முருகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். ஓடினான். ஊர்க்காவல் படை மைதானத்தில் முதலாவதாக வந்த கால்கள் முழங்கால்வரை சேற்றில் புதைந்தன. கொக்குகள் எழுந்து, நாலு வரப்புத் தள்ளி உட்கார்ந்து, மறுபடி மேய்ந்தன. அங்கே போனான். இங்கே வந்தன. மூன்றாம் முறை கவிழ்ந்து விழுந்தான். தண்ணீரில் பாதி அவன் தலையிலேயே கொட்டியது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏட்டம்மாவின் முகத்தில்கூட ஒரு முடிவு தெரியத் தொடங்கியது.

அப்போது கூட்டத்தில் யாரோ ஒருத்தி, தாழ்ந்த குரலில், ஆனால் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

“த்தூ. இவ்ளோதானா? மூணு வாரமா இன்னா பந்தா வுட்டான்!”

இன்னொரு குரல்: “ஃபிளெக்ஸுக்கு நானும் காசு போட்டேன்டா.”

அருள்முருகன் சேற்றிலிருந்து எழுந்து நின்றான். நான் பைனாகுலரில் அவன் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம்டா என்று மனதுக்குள் சொன்னேன். அவன் சீருடையை மறந்துவிட்டான், ஆணியை மறந்துவிட்டான். ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. மெல்லத் திரும்பினான். டிராக்டரைப் பார்த்தான்.

“அருளு!” என்று கத்தினேன்.

அவன் நேராகக் கொக்குகளிடம் போகவில்லை. வயலைச் சுற்றி வந்து, ஓடிக்கொண்டிருந்த டிராக்டரின் மட்கார்டில் வாளியோடு தாவி ஏறி, டிரைவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தான். கொக்குகளுக்குச் சத்தம் போடுற எருமை மட்டும்தான் தெரிந்தது. அவை வழக்கம்போலப் பின்னாலேயே நடந்து வந்தன, இவ்வளவு கிட்டத்தில். நான் அவனுக்குச் சொன்னது ஒவ்வொன்றும் என் கண் முன்னால் உண்மையாகிக்கொண்டிருந்தது. என்னுடைய பாடத்தை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அதை இப்படி உபயோகிப்பான் என்று நான் நினைக்கவில்லை.

வாளி பறந்தது. மஞ்சள் தண்ணீர் விசிறியாக விரிந்து ஒரு கொக்கின் மேல் முழுதாக விழுந்தது.

ஊர் அதிர்ந்தது. விசில், கைத்தட்டல், யாரோ பறை அடித்தார்கள். அருள்முருகன் டிராக்டர் மேல் நின்று இரண்டு கையையும் தூக்கினான். தூக்கிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்குப் புரிந்தது. கைகள் அப்படியே நின்றன. இறக்கவும் தெரியவில்லை.

அம்சவள்ளி தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “போச்சு. போலீசு எதிர்லயே செஞ்சிட்டான் பாவி.”

“மக்களே, கண்ணால பாத்தீங்களா!” என்று புகழ்வேந்தன் துள்ளினார். “குற்றம் நிரூபணம்!”

ஏட்டம்மா எழுந்து என்னிடம் வந்தார். “அத இப்படிக் குடு.” பைனாகுலரை வாங்கினார். அதை எப்படிப் பிடிப்பது என்று நான் காட்டினேன். நடுச் சக்கரத்தைத் திருப்பினால் தெளியும் என்றேன். லென்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். “அப்புறம்,” என்றார்.

நனைந்த கொக்கு வரப்பில் ஏறி நின்றது, மற்றக் கொக்குகளுக்கு நடுவே. உடம்பை உதறிக்கொண்டது. ஏட்டம்மா வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்மா,” என்றார். “இதுக்கு றெக்கையில திட்டுத்திட்டா இருக்குது. வால்ல ஒழுவுது. ஒரு பக்கம் மஞ்சளு, ஒரு பக்கம் வெள்ளை. மத்ததுங்களுக்கெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி அதே மூணு எடம். தலை, நெஞ்சு, முதுகு. றெக்கையில ஒரு சொட்டு இல்ல.”

“அதான் மேடம்! அதைத்தான் நான்…”

“இரு.” பைனாகுலரை இறக்கினார். “இது ஊத்தினது. அது மொளைச்சது. இதக் கண்டுபுடிக்க மண்டை ஓடு வரைக்கும் போவணுமா?”

மூன்று வாரமாக நான் சொன்னதை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

“மேடம், அப்ப பழைய கொக்குங்க கேஸ் இல்லன்னே வெச்சுக்குங்க,” என்றார் புகழ்வேந்தன். “இந்தக் கொக்கு? இது இப்ப நம்ம கண்ணு எதிர்ல…”

“ஆமா. இது குற்றம்தான்,” என்றார் ஏட்டம்மா நிதானமாக. “எழுதிக்கலாம். கொக்கு மேல ஊத்தினது அருள்முருகன். ஊத்துன்னு சொன்னது யாரு?”

புகழ்வேந்தன் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“தூண்டிவிட்டவரு மொதல் குற்றவாளி, செஞ்சவன் ரெண்டாவது. சாட்சிக்கு நான் அலைய வேண்டியதில்ல. லைவ்ல எத்தினி பேரு பாத்தாங்க?”

புகழ்வேந்தன் போனைப் பார்த்தார். அவர் சேனல் தொடங்கிய நாளிலிருந்து அத்தனை பேர் ஒன்றாகப் பார்த்ததில்லை. அவர் முகத்தில் பெருமையும் பயமும் ஒரே நேரத்தில் வந்து இடமில்லாமல் தள்ளிக்கொண்டன.

“அழிச்சிடறேன் மேடம்.”

“அழிக்கிறது வேற செக்ஷன்.”

அப்படி ஒரு செக்ஷன் உண்டா என்று எனக்குத் தெரியாது. புகழ்வேந்தனுக்கும் தெரியவில்லை. மனுவை வாபஸ் வாங்குவதாக அந்த வேப்பமரத்தடியிலேயே எழுதிக் கொடுத்தார். அதிலிருந்த எழுத்துப்பிழைகளை ஏட்டம்மாவே திருத்தினார்.

நான் அருள்முருகனைப் பிடித்து நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கொக்குக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அலகால் அதைத் தொட்டு இறகெல்லாம் தடவிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்காது. மஞ்சள் கறையும் வெயிலில் நிற்காது. வேட்டியில் பட்டதை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துப்போகிறதல்லவா, அதே கதை. மறுநாள் போய்த் தேடினேன், எது அது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஊரைப் பொறுத்தவரை, அந்தக் காலையில் நடந்தது எனக்குத் தெரிந்ததற்கு நேர் எதிராகப் பதிவாகிவிட்டது. ஏட்டம்மா கண்டதை யாரும் காணவில்லை. அருள்முருகன் வாளியை வீசியதை எல்லாரும் கண்டார்கள். அதுவரை நம்பாதவர்களும் அன்றிலிருந்து நம்பினார்கள். ஏரிமேட்டில் இன்றைக்கும் கேட்டால், புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துகளில் உள்ள உண்ணிக்கொக்கு அத்தனைக்கும் மஞ்சள் ஊற்றியது எங்கள் பையன்தான் என்பார்கள். சித்திரையில் அவற்றின் அலகும் காலும்கூடச் சிவக்கத் தொடங்கின. குங்குமம் என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஏட்டம்மா வெரிஃபிகேஷன் தாளை எடுத்தார். அக்கம்பக்கத்தில் பையனைத் தெரிந்தவர் ஒருவர் நடத்தை பற்றிச் சொல்ல வேண்டுமாம். ஊர்க்காரர்கள் சொன்னால் மறுபடி கொக்கில் போய் முடியும் என்று என்னைக் கூப்பிட்டார். அம்சவள்ளி எட்ட நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அருள்முருகன் தலையிலிருந்து மஞ்சள் சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

“சொல்லு,” என்றார் ஏட்டம்மா. “குடி?”

“இல்ல மேடம்.”

“அடிதடி?”

“இல்ல மேடம்.”

“வேற கெட்ட பழக்கம்?”

அம்சவள்ளி ஓரடி கிட்டே வந்தார். எனக்கு விஷயத்தை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்.

“பொய் சொல்லுவான் மேடம். ஆனா அத எங்க நிறுத்தணும்னு தெரியாது.”

ஏட்டம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தவில்லை.

“அது பரவால்ல,” என்றார். “டிரெய்னிங்ல சொல்லிக் குடுப்பாங்க.”